தகப்பன் பெயர்

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தேவாலயத்தின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டுப் பலகையில் எழுதவிருந்த வரியைச் செயலாளர் சவிரிமுத்து மாஸ்டர் வாசித்தார். "இவ்வாலயத்தைக் கட்டியவர் பென்ரோஸ் துரை."

"கல்லு சொமந்தது எங்க ஆளுங்க," என்றாள் கொழுந்து பறிக்கும் ரெஜினா.

"அதுக்காகத் துரை பேரை அழிக்கச் சொல்றியா?"

"இல்லீங்க மாஸ்டர். இன்னொரு எடத்துலயும் எழுதச் சொல்றேன்."

அவள் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்தாள். முதல் குழந்தை மரியாள். தாய் காத்தாயி. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"மரியா எங்க பூட்டி," என்று நிமிர்ந்தாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய வெள்ளைக்காரத் துரையின் வண்ண ஓவியத்தைப் பார்த்தார். அதே பூனைக்கண்கள்.

"எழுதுனா ரெண்டு எடத்துலயும் எழுதுங்க மாஸ்டர். இல்லாட்டி ரெண்டு எடத்துலயும் வேணாம்."