கை தூக்க வேண்டாம்

"எனக்கு ஒண்ணும் இல்லை டீச்சர். எல்லாரும் சொல்றாங்க, அதை நான் எழுந்து நின்னு சொல்றேன். அவ்வளவுதான்."

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர் இப்படி ஆரம்பித்ததும் டீச்சருக்கு முகம் தொங்கிப்போனது.

டீச்சரின் அப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. கதவு திறந்திருந்தால் போதும், மாடி மாடியாக ஏறி இறங்கி, கண்ணில் பட்ட பெல்லையெல்லாம் அடித்து, "இது என் வீடுதானே?" என்று கேட்பார்.

அதற்குத்தான் இன்றைக்குத் தீர்மானம். பெரியவர் தனியாக வெளியே வரக் கூடாது. டீச்சர் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

"பெத்த அப்பாவை உள்ள வச்சு எப்படிங்க பூட்டுவேன்?"

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"சரி, கை தூக்கிடலாம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கூடாது," என்றார் செயலாளர். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டப்பெயர் 'சட்டம்'. "ஒரு குடும்பத்தைப் பத்தின விஷயம்னா ரகசிய ஓட்டுதான். நம்ம விதியில இருக்கு."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் முகத்துக்கு நேரா கை தூக்கக் கூச்சமா இருக்கும், மறைஞ்சு நின்னு குத்தட்டும்னு வழி பண்ணித் தர்றீங்களா சார்?"

சட்டம் துண்டுச் சீட்டுகளை நீட்டினார். ஆளாளுக்குக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். பரீட்சை ஹால் தோற்றது. டீச்சர் தலை நிமிரவில்லை. ஆசையாக வாங்கிய வீட்டை விற்றுவிட்டு எங்கே போவது என்று மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

கடைசிச் சீட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுச் சட்டம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தீர்மானத்துக்கு ஆதரவு, ஒண்ணுகூட இல்லை."

எல்லாரும் மருந்துக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். மனுஷர் அசடு வழிந்தார்.

"மத்தவங்கல்லாம் வேணும்னு நினைக்கிறாங்கன்னு இருந்தேன். எனக்கு என்னவோ மனசு கேக்கலை. சீட்டுல எழுதினா யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"நானும் அப்படித்தான்," என்றது பின்வரிசை.

"நல்லது செய்யவும் சில பேருக்குக் கூச்சம் டீச்சர்," என்றார் சட்டம். "ரகசிய ஓட்டு அதுக்கும்தான்."

டீச்சருக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அதற்குள் வாசலில் ஒரு குரல். தூங்க வைத்துவிட்டு வந்த அப்பா எழுந்து வந்து நின்றிருந்தார்.

"இது என் வீடுதானே?"

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆமாங்கப்பா, உங்க வீடுதான். உள்ள வாங்க."