ஈசானிய மூலையில் முதல் அறுப்பு

இப்போதைய மக்காச்சோளத்தைப் புழு துளைத்தால் அது வாசம் விட்டுப் பக்கத்துச் செடிகளை உஷார்படுத்திவிடும். கால்மணி நேரத்தில் கொல்லை முழுக்கக் கசந்துபோகும். பிறகு அந்தக் கசப்பு போகாது. அரிவாள் பட்டாலும் இதே கதைதான். அதனால் காற்று போய்ச்சேரும் பக்கத்திலிருந்துதான் அறுக்க வேண்டும்.

துரைக்கண்ணுவின் பசு கன்று போட்டு மூன்று நாள். தை வரைக்கும் அதற்கு இந்தக் கொல்லைதான் தீனி. அவர் வடகிழக்கே, ஈசானிய மூலையில் கற்பூரம் ஏற்றி முதல் அரிவாளைப் போட்டார். வடக்கேயிருந்து அடித்த வாடைக்காற்று வாசத்தைக் கொல்லை முழுக்க அள்ளிக்கொண்டு போனது.

மனைவி அஞ்சலை ஓடிவந்தாள். "காத்து எங்கேர்ந்து வருதுன்னு பாக்கலையா?"

"எங்கப்பா இங்கதான் புள்ள ஆரம்பிப்பாரு."

"உங்கப்பா வெதச்ச சோளம் ஊமைங்க."

சாயங்காலம் பசு தட்டையை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் ஒரு துண்டை ஒடித்து மென்றார். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் துப்பாமல் விழுங்கினார். மறுநாள் பசுவையும் கன்றையும் சந்தைக்கு ஓட்டிப்போனது அவள்தான்.