தொடாதீர்கள்

“யோவ், கையை எடுய்யா! பலகையில என்ன எழுதியிருக்குன்னு தெரியல?”

காவல் பெண்ணின் அதட்டலில் அருங்காட்சியகக் கூடமே அதிர்ந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளி, கல் சிங்கத்தின் பிடரியிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தார்.

மகளின் வகுப்புக்குத் துணையாக வந்த ஒரே பெற்றோர் அவர்தான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“பசங்களைப் பாத்துக்குவீங்கன்னு கூட்டிட்டு வந்தா, உங்களைப் பாத்துக்கவே ஒரு ஆள் வேணும் போலிருக்கே!” என்றார் ஆசிரியை.

“தப்புதாங்க டீச்சர். கல்லைக் கண்டா, எத்தனை மூட்டை கனம் இருக்கும்னு கை தானாப் போகுது.”

நோட்டும் கையுமாக நின்ற கண்காணிப்பாளர் ஆசிரியையிடம் மெல்லச் சொன்னார்: “அந்தம்மா வேலைக்குப் புதுசு. ஒரு மாசம் சோதனை. இன்னிக்குக் கடைசி நாள். கொஞ்சம் அசந்தாலும் நாளைக்கு வீட்டுக்குத்தான்.”

அடுத்த அறையில் வாள்கள். மூட்டைத் தொழிலாளி கயிற்றைத் தாண்டி ஒரு காலைத்தான் வைத்திருப்பார்.

“மறுபடியுமா? கயிறு எதுக்குக் கட்டியிருக்கு, துணி காயப்போடவா? இன்னொரு தடவை பாத்தேன், வெளியதான்!”

“அங்கிள் அவுட்டு!” என்று பிள்ளைகள் குதித்தார்கள். மகளோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“உங்க அப்பாவைத் திட்டறாங்க, நீ சிரிக்கறே?” என்றாள் தோழி.

“வீட்ல இதைவிட வாங்குவாரு.”

மூன்றாவது அறையில், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய துறைமுகத்து மூட்டைக் கொக்கி ஒன்று மேஜைமேல் கிடந்தது. அவர் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் அதே வளைவு. அவர் மேஜையை ஒட்டிப் போய் நின்றார். காவல் பெண் வாசலில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். அவர் விரல் மெல்ல நீண்டது.

“ஐயா, அந்தக் கை!”

அவள் திரும்பவே இல்லை. குரல் மட்டும் வந்தது.

கண்காணிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். “முதுகிலயும் கண்ணு வெச்சிருக்கீங்களேம்மா! இதுக்கு மேல என்ன சோதனை? நாளையிலேருந்து நீங்க நிரந்தரம்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். குற்றவாளியும் சேர்ந்து தட்டினார், எல்லாரையும்விடப் பலமாக.

பஸ் ஏறும் நெரிசலில் காவல் பெண் அவர் காதருகே வந்தாள்.

“ரெண்டு தடவை போதும்னுதானே நேத்து சமையலறையில பேசிவெச்சோம்? மூணாவது எங்கேருந்து வந்துச்சு?”

“அது மட்டும் நெசமாவே ஆசைப்பட்டுட்டேன்,” என்று அவர் அசடு வழிந்தார்.

மகள் ஜன்னலிலிருந்து கிசுகிசுத்தாள்: “அம்மா, மெதுவாப் பேசும்மா... டீச்சர் வராங்க!”