தோன் ஒனோரியோ கடைப் பட்டம்

லாஸ் ஏஞ்சல்ஸ் எட்டாவது தெருவில், நோட்டரி தோன் ஒனோரியோவின் கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. போன வாரம் இதில் பாதிகூட இல்லை. ஏன் இந்தக் கூட்டம் என்று பார்க்க நானும் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் பசிலியா, விசா காகிதங்களை மார்போடு அணைத்தபடி, கூட வந்த நிகாந்த்ராவை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த ஆளை நம்பலாமா? ஏதாவது தப்பா எழுதிட்டா என்னைக் குவாத்தமாலாவுக்கே பிளேன் ஏத்திடுவாங்க."

"அடி போடி! நம்ம ஊர்ல நோட்டரின்னா வக்கீலுக்கும் மேல. அதுலயும் இவரு லேசுப்பட்ட ஆளில்ல. உள்ள சுவத்தப் பாரு, எவ்வளவு பெரிய பட்டம்! சர்க்கார் முத்திரை, கண்ணாடி ஃபிரேம். திங்கக்கிழமை அதிகாரியே நேர்ல வந்து மாட்டிட்டுப் போனாராம்."

"அதுல என்னக்கா எழுதியிருக்கு?"

"எனக்கென்ன படிக்கவா தெரியும்? அத்தனை வரி இருக்குன்னா பெரிய படிப்பாத்தான் இருக்கும்."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, இந்த நாட்டுல நோட்டரின்னா கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். அது பட்டமே இல்ல. 'இவர் வக்கீல் அல்ல, இவரிடம் சட்ட ஆலோசனை கேட்காதீர்கள்'னு எழுதியிருக்கு. புதுச் சட்டப்படி அதைக் கொண்டுவந்து மாட்டினதே நான்தான்!"

பசிலியா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க வக்கீலா?"

"இல்லம்மா, வெறும் இன்ஸ்பெக்டர்."

"அப்ப உங்க பேச்சை நான் எப்படிக் கேக்கிறது? வக்கீல் இல்லாதவங்ககிட்ட சட்டம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?" என்றபடி, வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்தாள்.