தட்டில் விழுந்த கோடுகள்

தட்டில் உள்ள திரவம் அசையாமல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தாமாகவே வரிசையாக அடுக்கிக்கொள்ளும். தட்டு முழுக்கப் பச்சையாகும். காய்ந்தால் அதுதான் வெயிலில் மின்சாரம் தரும் சூரியத்தகடு. சின்ன அதிர்வு பட்டாலும் அந்த இடத்தில் சாம்பல் கோடு விழும். அதனால் மேசையில் யாரும் சாயக்கூடாது.

ஆறு மாத வயிற்றோடு நின்று வேலை பார்த்த ஷாகிரா, களைப்பில் மேசைமேல் சாய்ந்துவிட்டாள்.

"மூணு கோடு! கைய ஆட்டுனியாடி?" என்றார் மேற்பார்வையாளர் எஸ்தர்.

"இல்லக்கா, வயிறு மட்டுந்தான் பட்டுச்சு. மூச்சக்கூடப் பிடிச்சுக்கிட்டேன்."

திட்ட வாயெடுத்த எஸ்தர் நிறுத்திக்கொண்டார். குழந்தையின் அசைவே தெரியவில்லை என்று நேற்றுதான் ஷாகிரா அவரிடம் அழுதிருந்தாள்.

"இந்தத் தட்டு எப்படியும் போச்சு. மறுபடி சாஞ்சு, அசையாம நில்லு."

இருவரும் பச்சையையே பார்த்திருந்தார்கள். ஷாகிராவின் வயிற்றுக்கு நேரே நான்காவது கோடு விழுந்தது.