முப்பத்தேழு டிகிரி

ஒன்பது வருடத்துக்கு முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது, காற்று இல்லாவிட்டால் அணைந்துவிடும் என்று சொல்லி வாயிலை அடைத்தார்கள். உள்ளே என் அண்ணனும் இன்னும் ஐந்து பேரும் இருந்தார்கள். சிமெண்ட் போட்டவர்களில் நானும் ஒருவன். கம்பெனி சொன்னது, செய்தேன்.

தீ அணையவில்லை. போன மாதம் அடிநிலம் எரிந்து இறங்கி மேனேஜர் வீட்டுச் சுவர் விரிசல் விட்டதும் கம்பெனிக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தீ எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க என்னைத் துளை போடச் சொன்னார்கள். எண்பது மீட்டர் துளைத்து, கம்பிக்கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்குவேன். ஆறு துளைகளிலும் முந்நூறு டிகிரிக்குக் குறையவில்லை.

ஏழாவதில் முப்பத்தேழு.

"தெர்மாமீட்டர் மண்டையப் போட்டிருக்கும், வேற எறக்கு" என்றார் இன்ஜினியர். வேறொன்றை இறக்கினேன். அதுவும் முப்பத்தேழு.

"காய்ச்சல்கூட இல்லையேப்பா!" என்று சிரித்தார். "சரி, முந்நூறுன்னே எழுதிக்கிறேன். நீ இதத் தூக்கிட்டு, துளைய சிமெண்ட் ஊத்தி அடைச்சிடு."

கயிற்றில் கை வைத்தேன். கீழிருந்து மூன்று முறை சுண்டி இழுத்தது.

சுரங்கத்தில் மணிக்கயிற்றை மூன்று முறை இழுத்தால், கூண்டில் ஆள் ஏறியாயிற்று, மெதுவாகத் தூக்கு என்று அர்த்தம். அதை இழுப்பது அண்ணனின் வேலை.

"என்னப்பா, கயிறு ஆடுது?"

"காத்து சார்."

கீழே ஏது காற்று? அடைத்தவன் நான்தானே.

துளை என் உள்ளங்கை அகலம்தான். இருந்தும், ஆளைத் தூக்குவதுபோல மெதுவாகத் தூக்கினேன். பின்னால் சிமெண்ட் கலக்கத் தொடங்கியிருந்தார்கள். கயிறு கனத்துக்கொண்டே வந்தது.