இஞ்ஞாசி பெயரில் ஒன்பது கட்டுரைகள்

"நீங்க வாயைத் திறக்காதீங்கப்பா. கேட்டதுக்குத் தலையாட்டுங்க, போதும்."

டாக்டர் பெர்னார்ட் இப்படிச் சொன்னதும், கிழவர் இஞ்ஞாசி நாற்காலி விளிம்பில் இன்னும் ஒடுங்கிக்கொண்டார்.

டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மிஸ் பெட்டிக்கு டாக்டரை அப்போதே பிடிக்காமல் போயிற்று. சிராங்கூன் ரோட்டில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த வக்கீல் ஆபீசில் அவள்தான் கிளார்க். சத்தியப் பத்திரம் அடிப்பாள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு அதைத் தமிழில் படித்துச் சொல்லி, கடைசியில் தன் பெயரையும் போடுவாள். படித்த பிள்ளைகள் படிக்காத பெற்றோரை இழுத்துவந்து கையெழுத்து வாங்கும் லட்சணத்தை இந்த 1982-ஆம் வருஷத்துக்குள் எத்தனையோ பார்த்தாயிற்று.

"என்ன விஷயம் சார்?"

"பேர்த் தகராறு, மிஸ். நான் யுனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரி லெக்சரர். பதினேழு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கேன். யார் யார் என்ன எழுதினாங்கன்னு அமெரிக்காவுல வருஷா வருஷம் தலகாணி மாதிரி ஒரு இண்டெக்ஸ் போடறான். அதுல எட்டுக் கட்டுரைதான் பெர்னார்ட்ங்கற பேர்ல இருக்கு. மீதி ஒன்பதும்..." கட்டைவிரலால் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "இஞ்ஞாசிங்கற பேர்ல."

"ஓ, அப்பா எழுதினாங்களா?" பெட்டி வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"இவரு முப்பது வருஷம் கவர்மெண்டுல சாக்கடை கழுவினவரு."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்!

"அப்பா பேரைச் சில கட்டுரையில முன்னால போட்டேன், சிலதுல பின்னால போட்டேன். வெள்ளைக்காரனுக்குப் பின்னால வர்றதுதான் குடும்பப் பேரு. அதான் ஒரே ஆளு ரெண்டு ஆளாயிட்டேன். இப்ப ப்ரமோஷன் நேரம். ரெண்டும் நான்தான்னு சத்தியம் பண்ணணுமாம். இனிமே எந்தப் பேர்ல எழுதுவேன்னும் சொல்லணுமாம். கட்டுரை எழுதின இஞ்ஞாசி இவரு இல்லைன்னு அப்பாவும் கையெழுத்துப் போடணும்."

கிழவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அய்யா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுய்யா. என் பேரை..."

"அப்பா! வீட்டுலயே பேசி முடிச்சாச்சு."

"நாலு பேரு சிரிப்பாங்களேய்யா..."

"சிரிக்கட்டும். நீங்க சும்மா இருங்க."

பெட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தகப்பன் சாக்கடையில் இறங்கிப் படிக்கவைத்தான். டாக்டர் ஆனதும் தகப்பன் பேர் நாறுகிறதாக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து முட்டிபோடுகிற பக்திமானும் இந்த ஜாதிதான்.

"சில பேருக்கு அப்பன் காசு மணக்கும், பேரு மட்டும் நாறும் லா," என்றாள், டைப்ரைட்டரைப் பார்த்து.

டாக்டர் காதில் விழுந்திருக்க வேண்டும். பையிலிருந்து கையால் எழுதிய தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கோப்பி குடிக்கிறீங்களா அங்கிள்?"

தன் பிளாஸ்கிலிருந்து ஒரே ஒரு கப் ஊற்றிக் கிழவரிடம் கொடுத்தாள். கிழவர் பாதியைச் சாசரில் ஊற்றி மகனிடம் நீட்டினார். டாக்டர் மறுக்காமல் வாங்கி உறிஞ்சினார்.

இதுக்கு மட்டும் அப்பன் வேணும்!

பெட்டி வெற்றுத் தாளைச் செருகி, டாக்டர் எழுதிவந்ததைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தாள். முதல் பத்தி, பெயர், விலாசம். இரண்டாம் பத்தி, பெர்னார்டும் இஞ்ஞாசியும் ஒரே ஆள். மூன்றாம் பத்தியில் விரல் நின்றது.

'பெர்னார்ட் என்ற பெயரில் வெளியான என் எட்டுக் கட்டுரைகளையும் இஞ்ஞாசி என்ற பெயருக்கே மாற்றிப் பதியக் கேட்டுக்கொள்கிறேன். இனி நான் எழுதுபவை யாவும் இஞ்ஞாசி என்ற பெயரிலேயே வெளிவரும்.'

இன்னொரு முறை படித்தாள்.

"சார்... பேரை மாத்தி எழுதிட்டீங்களா?"

"இல்ல மிஸ். சரியாத்தான் இருக்கு."

கிழவருக்கு இப்போதுதான் வாய் வந்தது. "நீயாவது சொல்லும்மா. இவ்ளோ பெரிய படிப்புப் புஸ்தகத்துல சாக்கடைக்காரன் பேரு எதுக்கு? விஷயம் தெரிஞ்சவங்க சிரிக்க மாட்டாங்களா? வேணாம் வேணாம்னு ஒரு வாரமா கெஞ்சறேன். கேக்க மாட்டேங்கறான்."

"முப்பது வருஷம் வேலை செஞ்ச இடத்துல இவருக்குப் பேரே கிடையாது மிஸ்," என்றார் டாக்டர். "நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அச்சுலயாவது இருக்கட்டும்."

பெட்டி பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்டினாள். கிழவர் பேனாவை உளி மாதிரி பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்தார்.

டாக்டர் தாளைத் தன் பக்கம் திருப்பி அடிவரியைப் பார்த்தார். "படித்துச் சொன்னவர், மிஸ் பெட்டி ரயன். இது நீங்கதானே?"

"ரயனா?" கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளைக்காரப் பேரா இருக்கே! தமிழ் இவ்ளோ நல்லாப் பேசறியேம்மா. அப்பா யாரு?"

பெட்டி தலை குனிந்தாள். மார்சிலிங் மார்க்கெட்டில் மீன் கூடை தூக்கும் தன் அப்பா ராயப்பனின் பெயரை 'ரயன்' என்று நறுக்கி, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இதே டைப்ரைட்டரில் பெயர் மாற்றப் பத்திரம் அடித்துக்கொண்டவள் அவள்.